ஈ.சி.ஜி. மிஸ்ஸும் நாலந்தா பஸ்ஸும்

அடுத்தவர் நெஞ்சில் வயர் ஒட்டிச் சம்பளம் வாங்குவது அமைதியான தொழில் என்று நினைப்பவர்கள் அந்தக் கட்டிலில் ஒரு தரம்கூடப் படுத்திருக்கமாட்டார்கள். படுத்தவர்களுக்குத் தெரியும். முதலில் அந்தக் குளிர்ந்த ஜெல்லி. பிறகு கையையும் காலையும் கவ்விப் பிடிக்கிற கிளிப்புகள். போதாததற்கு, "ஆடாம படுங்க!" என்று தலைமாட்டில் நின்று அதட்டும் ஒரு பெண். அந்தப் பெண் நான்தான். உங்களில் யாரையாவது அதட்டியிருந்தால் மனதில் வைக்காதீர்கள். நீங்கள் ஆடினால் கோடு ஆடும். கோடு ஆடினால் டொக்டர் என்னை அதட்டுவார்.

மாத்தளையில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் இதயநோய்க் கிளினிக்கில் எனக்கு வேலை. அப்பா வடக்கிலிருந்து உத்தியோகத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். நான் பிறந்து வளர்ந்தது மாத்தளை. வீட்டுக்கு ஒரு தமிழ், தேயிலைத் தோட்டத்துச் சனத்துக்கு ஒரு தமிழ், கடைத்தெருவுக்குச் சிங்களம் என்று பழகிவிட்டதால், நோயாளிகளுக்கு நோயை விளக்கிச் சொல்லும் வேலையும் என் தலையில் விழுந்தது.

நான் சொல்லப்போவது தொண்ணூறுகளின் கடைசி வருடங்களைப் பற்றி. பஸ்ஸில் ஏறினால் நடுவழியில் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, செக்பொயின்ட்டை நடந்து தாண்டி, மறுபடி ஏற வேண்டியிருந்த யுத்த காலம். இந்தத் துணுக்குகளில் பாதிக்கு மேல் வீரையா என்ற பேக்கரிக்காரர் வருவார். அவருடைய இதயம் எப்போது நிற்கிறது என்று கண்டுபிடிக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

மாமியும் மிஷினும்

உக்குவளையிலிருந்து ஒரு முஸ்லிம் ராத்தா வந்தார். புருஷன் கதவுக்கு வெளியே காவல் நின்றார். சட்டையைத் தளர்த்தவைப்பதற்குள் எனக்குப் போதும்போதும் என்றாகிவிட்டது. ஒருவழியாக வயர்களை ஒட்டி மிஷினைப் போட்டால் கோடு தாறுமாறாக ஓடுகிறது. ராத்தாவுக்கு உடம்பெல்லாம் நடுக்கம். வலிக்காது, கரண்ட் அடிக்காது என்று எத்தனை சொல்லியும் நடுக்கம் நிற்கவில்லை.

கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, இந்தத் தாளை யார் வாசிப்பார்கள் என்று கேட்டார். டொக்டர் வாசிப்பார் என்றேன். புருஷனுக்கும் காட்டுவீர்களா என்றார். கேட்டால் காட்டுவோம் என்றேன். முகம் வெளுத்துவிட்டது. ஒரு ஆள் நினைப்பதெல்லாம் அந்தத் தாளில் எழுத்தாக விழுந்துவிடும் என்று யாரோ அவருக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். இதயம் எவ்வளவு வேகமாக, எவ்வளவு ஒழுங்காக அடிக்கிறது என்பதைத் தவிர வேறு ஒரு சங்கதியும் இதில் வராது என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன். நடுக்கம் நின்றது. கோடும் அழகாக வந்தது. எழும்பி முக்காட்டைச் சரிசெய்தபடி ராத்தா சொன்னார்:

"அல்ஹம்துலில்லாஹ்! அப்ப மாமியப் பத்தி நெனச்சது ஒண்டும் இதுல வராதுதானே, மிஸ்?"

ஒரே படம், ஒரே மாத்திரை

இதயநோயாளிகளுக்குக் கொடுக்க ஒரு துண்டுப் பிரசுரம் தமிழில் தயாரித்தோம். மொழிபெயர்ப்பு நான். ஒரு பக்கத்தில் இதயத்தின் படம். இரத்தக்குழாயில் அடைப்பு விழுந்த இடத்துக்கு ஓர் அம்புக்குறி. படத்தைப் பார்த்தால் சனம் நோயை இலேசாக விளங்கிக்கொள்ளும் என்பது டொக்டரின் எண்ணம். எனக்கும் அது நல்லதாகவே பட்டது.

ஒரு தோட்டத்தில் வரிசை வீடுகளான லயத்தில், பக்கத்துப் பக்கத்துக் காம்பிராவில் இரண்டு நோயாளிகள். இரண்டு பேரும் எங்கள் கிளினிக்குக்கு வருபவர்கள். ஒருவருக்கு நெஞ்சு வலி, மற்றவருக்குக் கால் வீக்கமும் மூச்சுத் திணறலும். மருந்து வேறு வேறு. திடீரென்று ஒருவர் வருவது நின்றுபோனது. செத்துப்போய்விட்டாரோ என்று பயந்து மற்றவரிடம் கேட்டேன். அவர் உற்சாகமாக விஷயத்தைச் சொன்னார். வீட்டுக்குப் போய் இரண்டு பேரின் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரே இதயம், ஒரே இடத்தில் அம்புக்குறி. பிறகு எதற்கு இரண்டு பேரும் வீணாக செக்பொயின்ட்டில் இறங்கி ஏறி அல்லாட வேண்டும்? ஒரு மாதம் இவர் வந்து வாங்குகிற மாத்திரையை இரண்டு பேரும் பங்கு போட்டு விழுங்குவது, அடுத்த மாதம் அவர் வருவது என்று ஏற்பாடு.

படம் யாருடைய இதயமும் இல்லை, யாரோ கையால் கீறியது என்று விளக்கினேன். இரண்டு பேருக்கும் நோய் வேறு, மருந்தை மாற்றிக் குடித்தால் உயிருக்கே ஆபத்து என்று குரலை உயர்த்திச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் மனம் ஆறவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"படம் ஒண்ணுதானேங்க மிஸ், அப்புறம் மாத்திர மட்டும் எப்பிடி ரெண்டாகும்?"

போறணை முன்னால்

வீரையா நாலந்தாவில் ஒரு பேக்கரியில் பாஸ், அதாவது தலைமை வேலையாள். பாண் சுடுகிற அந்தப் பெரிய அடுப்பான போறணையின் வாயில் நின்று, நீளமான பலகையால் பாணை உள்ளே தள்ளி வெளியே இழுப்பவர். உக்குவளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் மனைவி கமலாவோடு குடியிருந்தார். தினமும் மாத்தளையில் பஸ் மாறி நாலந்தா போய், பின்னேரப் பாணைப் போட்டுவிட்டுத் திரும்புவார்.

திடீர் திடீரென்று விழுந்துவிடுகிறார் என்று கமலா அழைத்துவந்தார். தலை சுற்றாது, வாந்தி வராது. நிற்கிற ஆள் அப்படியே சரிவார். கொஞ்ச நேரத்தில் தானாகவே எழும்பி, என்ன நடந்தது என்று கேட்பார். கடைசியாக விழுந்தது போறணை வாயில். வலது முழங்கை தோல் உரிந்து, கட்டுப்போட்டபடி வந்திருந்தார். அது வலிப்பு என்று பேக்கரி முதலாளி தீர்மானித்துவிட்டார். இன்ன நோய், இன்ன வைத்தியம் என்று டொக்டர் சொல்லும்வரை போறணைப் பக்கமே வரக்கூடாது, மாப் பிசைகிற மேசையோடு நின்றுகொள்ள வேண்டும் என்று உத்தரவு.

நான் ஈ.சி.ஜி. எடுத்தேன். ஒரு குறையும் இல்லை. அடுத்த கிழமை எடுத்தேன். அதுவும் அப்படியே. டொக்டருக்கு மட்டும் சந்தேகம். இந்த ஆளின் இதயம் இடைக்கிடை அடிக்க மறந்து நின்றுவிடுகிறது, அந்த நேரம்தான் விழுகிறார் என்றார். அப்படியானால் கண்டியில் தோலுக்குக் கீழே ஒரு சின்ன மிஷின் வைத்துவிடலாம், இதயம் மறந்தால் அது நினைவூட்டும். ஆனால் நிற்கிறது என்பதை ஒரு தரமாவது பதிந்து காட்டாமல் கண்டியில் யாரும் கத்தி வைக்கமாட்டார்கள். அதற்குள் நெருப்பிலோ றோட்டிலோ இன்னொரு தரம் விழுந்தால் கையோடு போகாது. இதையெல்லாம் நான் தமிழில் சொல்லி முடித்ததும், என் கையிலிருந்த அந்த அழகான ஈ.சி.ஜி. தாளை வீரையா பார்த்தார்.

"படுத்துக் கெடந்தா எல்லாருக்கும் நல்லாத்தாங்க மிஸ் அடிக்கும். நான் விழுறது நின்னு வேல செய்றப்பல்ல!"

வில்கமுவயில் மரியாதை

வீரையா சொன்னதையேதான் டொக்டரும் நினைத்துக்கொண்டிருந்தார். படபடப்பும் மயக்கமும் வருகிறவர்களின் இதயம் வீட்டிலும் வேலைத்தலத்திலும் எப்படி நடந்துகொள்கிறது என்று ஆராய்ச்சி செய்ய அவருக்கு நெடுநாள் ஆசை. எங்கெங்கோ கேட்டு, ஒரே ஒரு மிஷினை இரவல் வாங்கிவந்தார். வோக்மேன் அளவில் ஒரு பெட்டி. இடுப்புப் பட்டியில் கொழுவிக்கொள்ள வேண்டும். அதிலிருந்து புறப்படும் வயர்களை நெஞ்சில் ஒட்டுவோம். ஒரு பகலும் ஓர் இரவும் இதயத்தின் ஒவ்வொரு துடிப்பையும் உள்ளேயிருக்கும் கசெட் பதிந்துகொள்ளும். குளிக்கக்கூடாது, கழற்றக்கூடாது, வழமையாகச் செய்கிற வேலையை எல்லாம் செய்ய வேண்டும். சில மாதங்களில் மிஷினைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

முதலில் கட்டிப் பார்த்தது வில்கமுவயிலிருந்து வந்த ஒரு சிங்கள விவசாயிக்கு. வயலில் இறங்கினால் நெஞ்சு படபடக்கிறது என்று வந்தவர். பஸ் கிடைப்பதே அபூர்வமான ஊர் என்பதால் யாரோ ஒருவரின் மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டு மறுநாள் வந்து சேர்ந்தார். கசெட்டைப் போட்டுப் பார்த்தால் பகலும் இரவும் ஒரே மாதிரி ஓடுகிறது. மனிதர் என்னதான் செய்தார்? கட்டிலை விட்டு இறங்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்டு, வெற்றிலை போடாமல், பெண்சாதியோடு சண்டை பிடிக்காமல், சத்தம் போட்டுப் பேசாமல் நாள் முழுக்க நல்ல பிள்ளையாகப் படுத்திருந்திருக்கிறார். பார்க்க வந்த அயலவர்களுக்கு அந்த ஊரில் காய்க்கிற தோடம்பழத்தை உரித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஏன் இப்படி, வயலில் இறங்கச் சொன்னேனே என்று கேட்டேன். அவர் சிங்களத்தில் மிகவும் பணிவாகச் சொன்னார்:

"நம்முடைய வீட்டுக்கு டொக்டரே வந்து இருக்கிறது மாதிரி, மிஸ். அவர் முன்னால் நான் சேற்றில் இறங்குவதா?"

மிஷின் பார்த்துக்கொண்டிருந்தது

அடுத்த முறை வீரையாவுக்கு. வயர்களை ஒட்டி, பெட்டியை இடுப்பில் கொழுவி, சட்டைப் பொத்தான்களைப் பூட்டிவிட்டேன். கை கழுவுகிற இடத்திலுள்ள கண்ணாடியில் வீரையா தன்னைப் பார்த்தார். சட்டையைக் கொஞ்சம் விலக்கி மறுபடி பார்த்தார். நெஞ்சு முழுக்க வயர், இடுப்பில் பெட்டி. அந்தக் காலத்தில் ஒரு தமிழ் ஆளை இப்படிப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்பதை நான் உங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. எங்களுக்கும் அது தெரியும். அதனால் டொக்டர் ஆஸ்பத்திரி முத்திரை குத்தி, சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார். அதை வீரையாவின் சட்டைப் பையில் நான்தான் வைத்தேன்.

மறுநாள் கமலாவோடு வந்தார். மிஷின் ஒரு பாண் பையில் சுற்றப்பட்டிருந்தது. நாலந்தா பஸ்ஸில் ஏறி, செக்பொயின்ட்டுக்கு ஒரு தரிப்பு முன்னால் இறங்கிவிட்டார். போகப் பயம். அங்கிருந்து திரும்பி நடந்தால் அதைவிடச் சந்தேகம். ஒரு கடை வாசலில் வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்து, மாத்தளைக்கு வந்த பஸ்ஸை மறித்து ஏறி வீட்டுக்குப் போய்விட்டார். போனதும் முதல் வேலையாக எல்லாவற்றையும் கழற்றி மேசையில் வைத்திருக்கிறார். "கடிதம் இருந்ததே, அதைக் காட்டியிருக்கலாமே?" என்று கொஞ்சம் சூடாகவே கேட்டேன். "கடுதாசிய எடுக்க சட்டப் பைக்குள்ள கையப் போடணும்ங்களே, மிஸ்" என்றார்.

மிஷினைக் கழற்றிவைத்த அன்று பின்னேரம், வீட்டு வாசலில் வாளியைத் தூக்கப் போன இடத்தில் வீரையா விழுந்திருக்கிறார். நெற்றியில் புதுக் காயம். நாங்கள் தேடிக்கொண்டிருந்த அதே விழுகை. கசெட்டில் அந்த நேரம் ஒன்றுமில்லை. எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. கமலா மிஷினை என்னிடம் இரண்டு கையாலும் தந்துவிட்டுச் சொன்னார்:

"அவரு விழுந்தது மேசைக்கு நேருக்கு நேருங்க. மிஷின் பாத்துக்கிட்டுத்தான் இருந்திச்சு, மிஸ்."

பஸ், இன்னொரு பஸ்

அதே செக்பொயின்ட்டிலிருந்து சுனில் என்ற இளம் சிப்பாய் எங்கள் கிளினிக்குக்கு வந்தான். அடிக்கடி நெஞ்சு பந்தயக் குதிரையாக ஓடுகிறதாம். டொக்டர் அவனுக்கும் மிஷினைக் கட்டச் சொன்னார். சீருடைக்குள் மறைத்துக்கொண்டு அவன் கடமைக்குப் போனான். கூட இருந்தவர்கள் அவனுடைய வோக்மேனில் என்ன பாட்டு ஓடுகிறது என்று கேட்டுக் கேலி செய்தார்களாம்.

நாடாவைப் பார்த்தபோது துடிப்பு திடீரென்று ஏறி, கொஞ்ச நேரத்தில் இறங்கி, மறுபடி ஏறிக்கொண்டிருந்தது. டொக்டர் ஓர் ஏற்றத்தைக் காட்டி, இந்த நேரம் என்ன செய்தாய் என்று கேட்டார். பஸ் ஒன்று வந்தது என்றான். அடுத்ததைக் காட்டினார். அது இன்னொரு பஸ் என்றான். அதற்கடுத்ததைக் காட்டுமுன் அவனே தலையைக் குனிந்துகொண்டான். பஸ்ஸிலிருந்து இறங்கி அவன் முன்னால் அட்டையை நீட்டியவர்களில் நானும் ஒருத்தி. அப்போதெல்லாம் அடித்தது என் நெஞ்சு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன்மேல் எனக்கு இருந்த கோபம் பழையது, நியாயமானதும்கூட. அதை அப்படியே வைத்துக்கொள்ள விடாமல் இந்த நாடா வந்து குறுக்கே நின்றதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

எதற்கு அப்படிப் பயம், துப்பாக்கி உன் கையில்தானே இருக்கிறது என்று கேட்டுவிட்டேன். டொக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சுனில் சிங்களத்தில் பதில் சொன்னான்:

"இறங்குகிற எல்லாருமே பயந்த முகத்தோடுதான் வருகிறார்கள், மிஸ். அதில் நான் பயப்பட வேண்டிய முகம் எது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

கேட்கக்கூடாத கேள்வி

அவன் சட்டையைப் பூட்டிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு யோசனை வந்தது. அந்த செக்பொயின்ட்டில் நிற்பவர்கள் இப்போது இந்த மிஷினைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். தங்கள் ஆளின் நெஞ்சிலேயே பார்த்திருக்கிறார்கள். வீரையாவை மறுபடி அனுப்ப இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. சுனிலே அங்கு நின்றால் இன்னும் வசதி. உடனே கேட்டேன், வருகிற கிழமை எந்த நாளில், எந்த நேரத்தில் உனக்கு அங்கே கடமை என்று.

அவன் கை பொத்தானிலேயே நின்றுவிட்டது. ஒரு தமிழ்ப் பெண், சோதனைச் சாவடியில் யார் எப்போது நிற்பார்கள் என்று ஒரு சிப்பாயிடம் விசாரிக்கிறாள். கேள்வி வாயைவிட்டு வெளியே போன பிறகுதான் அது எப்படிப்பட்ட கேள்வி என்று எனக்கே உறைத்தது. நான் வேகவேகமாக வீரையாவின் கதையைச் சொன்னேன். போறணை, முழங்கைக் காயம், மேசையில் கிடந்த மிஷின், திருப்பிக் கொடுக்க வேண்டிய தவணை எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச்சொல்ல எனக்கே அது கட்டிச் சொல்கிற கதை மாதிரிக் கேட்டது. அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு எழும்பினான். வாசல்வரை போய் நின்று, என் பக்கம் திரும்பாமலே சொன்னான்:

"நீங்கள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, மிஸ். எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை."

நாலந்தா பஸ்ஸில் இருவர்

அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒன்றும் செய்ய முடியாது. எனக்கு லீவு கிடைத்த ஒரு நாளில், வீரையாவுக்கு மிஷினைக் கட்டி, அவரோடு நானும் நாலந்தா பஸ்ஸில் ஏறினேன். கடிதத்தை இந்தத் தரம் கையிலேயே பிடித்திருந்தேன்.

செக்பொயின்ட்டில் எல்லாரும் இறங்கினோம். பெண்கள் ஒரு வரிசை, ஆண்கள் ஒரு வரிசை. நான் ஆண்கள் வரிசையில் வீரையாவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஒரு சிப்பாய், சுனில் இல்லை, வேறொருவன், அந்தப் பக்கம் போ என்று கையைக் காட்டினான். நான் சிங்களத்தில், நான் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன், இவர் இதயநோயாளி, உடம்பில் ஒரு மிஷின் கட்டியிருக்கிறோம் என்றேன். மிஷின் என்ற சொல் போதுமாக இருந்தது. வரிசை கலைந்தது. தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்று ஒரு வித்தியாசமும் இல்லாமல் எல்லாரும் பின்னால் ஓடினார்கள். நடுறோட்டில் நானும் வீரையாவும் மட்டும். சிப்பாய் துப்பாக்கியைத் தூக்கினான். வீரையா இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். அவர் சட்டைக்குள் பெட்டியின் விளிம்பு புடைத்துக்கொண்டு தெரிந்தது. என் கையிலிருந்த கடிதத்தை நீட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. என் அப்பா அம்மாவை நினைத்தேன். இந்த மனிதரைக் கொன்றுவிட்டேனே என்று நினைத்தேன்.

மண்மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒருவன் எட்டிப் பார்த்துக் கத்தினான். "டேய், அது சுனிலின் வோக்மேன்!" துப்பாக்கிக்காரன் வீரையாவின் இடுப்பையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு என்னைப் பார்த்து, மெதுவாகத் துப்பாக்கியைத் தாழ்த்தினான். அதன்பிறகுதான் அவர்கள் கிட்ட வந்தார்கள். வீரையாவின் சட்டையைத் திறந்து வயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஒருவன் என்னிடம், நெஞ்சு அடிக்கிறது தனக்கும்தான், தனக்கும் கட்டுவீர்களா என்று கேட்டான். சுனில் எங்கே என்றேன். போன கிழமை வடக்குக்கு மாற்றிவிட்டார்கள் என்றார்கள். அவனுக்கு எழுதிய மருந்தை வாங்க அவன் பிறகு வரவேயில்லை.

மறுபடி பஸ்ஸில் ஏறினோம். வீரையாவைச் சுற்றியிருந்த சீட்டுகள் அத்தனையும் காலி. சனம் பின்பக்கத்தில் ஒருவர்மேல் ஒருவர் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. கண்டக்டர்கூட எட்டி நின்றே டிக்கெட்டை நீட்டினார். வீரையா ஜன்னல் பக்கம் நகர்ந்து எனக்கு இடம்விட்டார்.

"நாலந்தா பஸ்ல இம்புட்டு வசதியா ஒக்காந்து நான் போனதே இல்லீங்க, மிஸ்."

நேர்கோடு

அன்று பின்னேரம், பேக்கரியில் மாப் பிசைகிற மேசையில் வீரையா சரிந்தார். பிசைந்த மாவின்மேலேயே விழுந்ததால் காயமில்லை. மறுநாள் மிஷினைக் கழற்றி, நாடாவை ஓடவிட்டோம். துடிப்பு, துடிப்பு, துடிப்பு, பிறகு ஒன்றுமில்லை. திரையின் ஒரு கரையிலிருந்து மறுகரைவரை வெறும் நேர்கோடு. பிறகு தயங்கித் தயங்கி ஒரு துடிப்பு, அதன் பின்னால் மற்றவை. எங்கள் தொழிலில் நேர்கோட்டைக் கண்டால் கை கால் உதற வேண்டும். நான் கை தட்டினேன். சந்தோஷத்தில் என்னை மறந்து, டொக்டரின் தோளைப் பிடித்து உலுக்கியும் விட்டேன். செக்பொயின்ட்டில் துடிப்பு எப்படி இருந்தது என்று பிறகு தேடிப் பார்த்தோம். எகிறியிருந்ததே ஒழிய நிற்கவில்லை.

கமலாவைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். இதுதான் வீரையாவின் நோய், வலிப்பு இல்லை, கண்டியில் வைத்தியம் செய்தால் மறுபடி போறணையில் நிற்கலாம் என்றேன். அந்தக் கோட்டை ஒரு கரையிலிருந்து மறுகரைவரை அவர் விரலால் அளந்தார். நான் சிரித்த முகத்தோடு நிற்பதையும் பார்த்தார்.

"இம்புட்டு நேரம் நின்னு போயிருந்திச்சா? சிரிக்காதீங்க மிஸ், எனக்குப் பயமா இருக்கு."

கழற்ற முடியாதது

கண்டியில் வீரையாவுக்கு மிஷின் வைத்தார்கள். தோள்பட்டைக்குக் கீழே, தோலுக்குள், தீப்பெட்டியளவு ஒரு புடைப்பு. அதன்பிறகு அவர் விழவில்லை. முதலாளி போறணையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கிளினிக்குக்கு வந்தபோது எனக்காகக் கதகதவென்று ஒரு இறாத்தல் பாண் கொண்டுவந்தார். கட்டிலில் படுக்கவைத்து ஈ.சி.ஜி. எடுத்தேன். மிஷின் வேலை செய்வது கோட்டில் தெரிந்தது. அதைக் காட்டியபோது இரண்டு பேருக்கும் சிரிப்பு.

கண்டியில் ஓர் அட்டையும் கொடுத்திருந்தார்கள். நெஞ்சில் உலோகக் கருவி இருக்கிறது, செக்பொயின்ட்டில் தடவிப் பார்க்கிற அந்தக் கருவியை அதற்குக் கிட்டப் பிடிக்க வேண்டாம் என்று எழுதியிருந்தது. அட்டையைப் பைக்குள் வைக்காமல் எப்போதும் கையில் பிடித்துக்கொண்டு இறங்கச் சொன்னேன். அப்படித்தான் செய்வதாகச் சொன்னார். ஆனால் சிப்பாய்கள் அடிக்கடி மாறுகிறார்கள், சுனிலையோ வோக்மேனையோ இப்போது நிற்பவர்களுக்குத் தெரியாது. தினமும் போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம் கையைத் தூக்கிக்கொண்டு சட்டையைத் திறந்து புடைப்பைக் காட்டுகிறார். சில நாளில் நம்புகிறார்கள். சில நாளில் பஸ் போன பிறகும் நிறுத்திவைக்கிறார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை, ஊர்ப் புதினம் சொல்வது போலச் சொன்னார். பொத்தான்களைப் பூட்டிக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டார்:

"அன்னைக்குப் பயந்துக்கிட்டு கழட்டி மேசையில வச்சேன். இத எங்கங்க மிஸ் கழட்டி வைக்கிறது?"

மனதை அலட்டிக்கொள்ளாமல் இருந்தால் இதயம் நூறு வருடம் ஓடும் என்று வழக்கம்போலச் சொல்லி, அடுத்த கிளினிக் நாளைக் குறித்துக் கொடுத்து, அவரை நாலந்தா பஸ்ஸுக்கு அனுப்பிவைத்தேன்.